விக்கைத் தூக்கிப் பார்க்காதவரிடம் காசு கொடுக்காதீர்கள்

பழைய பீங்கான் பொம்மைக்கு வயது சொல்கிறேன் என்று ஒருவர் கட்டணம் கேட்டால், அவர் முதலில் விக்கைத் தூக்கிப் பிடரியைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பார்க்கவில்லை என்றால் பொம்மையைத் திரும்ப வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். 120 சிங்கப்பூர் வெள்ளி போன வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

பொம்மை என் பெரியம்மாவுடையது. சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படைத்தளம் இருந்த சிலேத்தாரில், ஓர் ஆங்கிலேய அதிகாரி வீட்டில் ஆயாவாக இருந்தார். 1971இல் பிரிட்டிஷ் படை மூட்டை கட்டியபோது அந்த வீட்டம்மா கொடுத்துவிட்டுப் போனது.

நான் போன பழம்பொருள் கடைக்காரர் கவுனின் லேஸைத் தடவிப் பார்த்தார். "விக்டோரியா காலம், 1880" என்றார். சான்றிதழை அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். போனால் கடை பூட்டியிருக்கிறது. போன் செய்தால், "சாரி லா, இன்னும் டைப் பண்ணல." ஒருவழியாகக் கைக்கு வந்த தாளில் இருந்தது: 19ஆம் நூற்றாண்டு, ஐரோப்பா, பீங்கான். ஐரோப்பா என்று சொல்லவா 120 வெள்ளி!

பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தக் கவுனா? தேக்காவில துணி வாங்கி நான்ல தைச்சேன்!"

அப்புறம் நானே உட்கார்ந்தேன். விக்கைப் பிடுங்கக் கூடாது. பிடரிப் பக்கத்திலிருந்து மெல்ல நெகிழ்த்த வேண்டும். தண்ணீர் பக்கமே போகாதீர்கள். தலைதான் பீங்கான். உடம்பு மரத்தூளையும் பசையையும் குழைத்துச் செய்தது, ஊறினால் உரிந்துவிடும். விக் நெகிழ்ந்ததும் பிடரியில் பதித்திருந்த எழுத்துகள் தெரிந்தன. படிக்க முடியாவிட்டால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் போதும்: ஆர்மாண்ட் மார்செய், ஜெர்மனி, 390, ஏ 3 எம்.

பெயர் பிரெஞ்சு மாதிரி இருந்தாலும் தொழிற்சாலை ஜெர்மனியின் துரிங்கியாவில், கோப்பெல்ஸ்டோர்ஃப் என்ற ஊரில் இருந்தது. 390 என்பது அச்சு எண், 3 என்பது அளவு. இதுபோன்ற எண்களை வருடம் என்று நினைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. இந்த அச்சு சுமார் 1900இல் தொடங்கி 1930கள் வரை ஓடியது. நாட்டின் பெயரும் ஒரு தடயம். இறக்குமதிப் பொருளில் அது இருந்தாக வேண்டும் என்று அமெரிக்கச் சுங்கச் சட்டம் 1891 முதல் கட்டாயமாக்கியது. அங்கேயும் விற்க வேண்டுமே என்று தயாரிப்பாளர்கள் பதித்தார்கள். ஆக 1880 அங்கேயே அடிபட்டுப் போனது.

ஆண்டை இன்னும் நெருக்கிக் கொடுத்தது முழங்கால். மூட்டு இருக்க வேண்டிய இடத்தைவிட மேலே, தொடையில் இருந்தது. 1920களில் குட்டைப் பாவாடை வந்தபோது, மூட்டு வெளியே தெரியக் கூடாது என்று இப்படிச் செய்தார்கள். கடைக்காரர் கவுனைத் தூக்கியிருந்தாலே தெரிந்திருக்கும்.

மிச்சமிருந்தது விரிசல் சோதனை. தலைக்குள் சின்ன டார்ச்சை விட்டால் மயிரிழை விரிசல்கூட கோடாகத் தெரியும். இருந்தால் விலை வெகுவாக இறங்கும். ஒட்டுவேலை, புதுப் பெயிண்ட் இருக்கிறதா என்று பார்க்கப் புற ஊதா விளக்கு வேண்டும். சிராங்கூன் ரோட்டில் பணம் மாற்றும் பாய் ஒருவர் கள்ள நோட்டு பார்க்கும் விளக்கைக் கொடுத்தார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்க, "பொம்மை நல்ல நோட்டுதான்" என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். காசு வாங்கவில்லை.

390 ஏராளமாகச் செய்யப்பட்ட அச்சு, பெரிய விலை போகாது. பெரியம்மாவுக்கு அதில் கவலை இல்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பிடரியின் படத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர், திருத்திய சான்றிதழ் தருகிறேன், பாதிக் கட்டணம் கொடுத்தால் போதும் என்றார்.