ஹன்டி மாஸ்டரும் எங்கள் வாங்கும்

ஹன்டி பேரின்பநாயகத்திடம் நான் படித்ததில்லை. யாழ்ப்பாணத்துக் கொக்குவில் இந்துக் கல்லூரியில் அவர் அதிபராக இருந்தது 1949 முதல் 1960 வரை. நான் நீலக் காற்சட்டை போட்டுக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்த எழுபதுகளில், அவர் காலத்து ஆசிரியர்கள் சிலர்தான் மிச்சம் இருந்தார்கள். ஆனால் அந்தச் சிலரின் வாயில் எதற்கெடுத்தாலும் ஹன்டி மாஸ்டர் வந்துவிடுவார், நாங்கள் பிந்தி வந்தாலும் ஹன்டி மாஸ்டர், கட்டுரையில் பிழை விட்டாலும் ஹன்டி மாஸ்டர். அதனால் அவரிடம் அடி வாங்காமலே அவருக்குப் பயந்த தலைமுறை நாங்கள்.

அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு செய்தி: காந்தியை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர். அதை வைத்து நான் மனதுக்குள் கட்டி வைத்திருந்தது ஒரு பெரிய வயதாளியின் உருவம், காந்தியோடு சரிக்குச் சரியாக நடந்து வருகிற மாதிரி. பிறகு வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன், 1899ல் பிறந்த மனிதர், 1924ல் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸைத் தொடங்கும்போது அவருக்கு 25 வயதுதான். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்து அங்கேயே படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு இளம் வாத்தியார். கூட இருந்தவர்களும் வாத்திமார்தான்: பிற்பாடு ஸ்கந்தவரோதயாவில் அதிபரான ஒறேற்றர் சுப்பிரமணியம், நேசையா மாஸ்டர் என்று. மிஷன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் படிப்பித்துச் சம்பளம் வாங்கியவர்கள்தான் தாய்மொழிக் கல்வி வேண்டும், சுயராச்சியம் வேண்டும், சாதி ஒழியவேண்டும் என்று கூட்டம் போட்டார்கள். சம்பளம் தருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்காமல் இருந்திருக்க முடியாது. யோசித்தும் போட்டார்கள்.

அவர்கள் 1927 நவம்பரில் காந்தியை அழைத்தார்கள். கதர் நிதிக்குக் காசு சேர்க்கத்தான் அவர் இலங்கை முழுக்கச் சுற்றினார், மாதக் கடைசியில் யாழ்ப்பாணம் வந்தார். எங்கள் அம்மம்மா அப்போது சின்னப் பிள்ளை, தகப்பனின் தோளில் இருந்து பார்த்ததாகச் சொல்லுவா. என்ன பேசினார் என்று கேட்டால், "ஆருக்குத் தெரியும், சனம் எண்டால் சனம்" என்பா. பேசியது என்னவோ கொஞ்சம் காரமாகத்தான். நல்லூரும் வல்லிபுரமும் இருக்கிற ஊரில் நின்று, தீண்டாமையை விடுங்கள், கோயிலைத் திறந்து விடுங்கள் என்று சொன்னார். கதர் நிதிக்குக் காசை மனமாரக் கொடுத்த எங்கள் ஆட்கள் கோயில் கதவு விஷயத்தில் அவ்வளவு அவசரப்படவில்லை. மாவிட்டபுரத்து வாசலில் 1968ல் கூடச் சனம் நின்று போராட வேண்டியிருந்ததே.

எனக்கு ஹன்டி மாஸ்டர் பெரிய ஆளாகத் தெரிவது காந்தி வந்ததால் இல்லை, இந்தச் சமாசாரத்தால். வெள்ளைக்காரனை எதிர்ப்பது யாழ்ப்பாணத்தில் அப்போது அப்படி ஒன்றும் ஆபத்தான வேலை இல்லை, சொந்தக்காரரை எதிர்ப்பதுதான் ஆபத்து. மாணவர் காங்கிரஸ் பிறகு இளைஞர் காங்கிரஸ் என்று பெயர் மாறி, சம ஆசனம் (பள்ளிக்கூடத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் ஒரே இருக்கை), சம போசனம் என்ற இரண்டையும் கையில் எடுத்தது. தங்கள் மாநாடுகளில் எல்லாச் சாதியாரும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட வேண்டும் என்றார்கள். உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கட்டாயம் என்று 1930ஐ ஒட்டி அரசாங்கம் இறுக்கியபோது, ஊரில் பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்தார்கள். சைவமும் தமிழும் என்று நாங்கள் மேடையில் பெருமை பேசுகிற அதே ஊரில்தான்.

எங்கள் கணித மாஸ்டர் ஒருவர் இதை எங்களுக்கு வாங்கை, அதாவது பெஞ்சை, தட்டிக் காட்டிச் சொன்னார். எங்கள் வகுப்பில் நீட்டு வாங்குகள். நாலு பேர் இருக்கவேண்டியதில் ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு இருப்போம், கரையில் இருப்பவனுக்குப் பாதி உடம்பு வெளியே. அன்றைக்கு இடத்துக்குச் சண்டை. மாஸ்டர் வந்து தன் கிராமத்துப் பள்ளிக்கூடக் கதையைத் தொடங்கினார்: தன்னோடு படித்த மூன்று பெடியன்கள் நிலத்தில், சுவரோரம், சிலேட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு எழுதுவார்களாம். அவர்கள் கணக்கைத் திருத்த வாத்தியார் கிட்டப் போக மாட்டாராம், சிலேட்டை நிலத்தில் தள்ளிவிடச் சொல்லித்தான் பார்ப்பாராம். பிறகு ஒரு நாள் அவர்களுக்கும் வாங்கு வந்ததாம், வந்த கிழமையே சில வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டப்பட்டார்களாம். "எங்கட வீட்டிலயும்தான்" என்று சொல்லிவிட்டுச் சோக்கை எடுத்து மூன்றாம் பயிற்சியை எழுதத் தொடங்கினார். நாங்கள் ஐந்து பேரும் அன்று முழுக்கச் சண்டை பிடிக்கவில்லை. அடுத்த நாள் பிடித்தோம்.

சரி, 1931க்கு வருவோம், அதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை ஒரு பக்கச் சார்பாகிவிடும். வெள்ளைக்காரன் கொண்டுவந்த டொனமூர் அரசியல் யாப்பு வயதுவந்த எல்லோருக்கும், பெண்களுக்கும் சேர்த்து, வாக்குரிமை தந்தது, ஆனால் சுயராச்சியம் தரவில்லை. அப்படியானால் வேண்டாம் என்று இளைஞர் காங்கிரஸ்காரர் ஏப்ரல் மாநாட்டில் தேர்தல் பகிஷ்கரிப்புத் தீர்மானம் போட்டார்கள். நியமன நாளில் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை என்ற நான்கு தொகுதியிலும் ஒருவர்கூடப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை! நிற்க இருந்தவர்களும் ஒதுங்கிவிட்டார்கள். சிங்கள இடதுசாரியான பிலிப் குணவர்தன லண்டனில் இருந்து பாராட்டி எழுதினார். ஆனால் தெற்கு பின்னால் வரவில்லை, சட்டசபைக்குப் போய் இருந்துகொண்டது. யாழ்ப்பாணத்துக்கு 1934 இடைத்தேர்தல் வரை ஆள் இல்லை, அதில் பருத்தித்துறையில் வென்று வந்தவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். அதன் பிறகு எங்கள் அரசியல் போன திசை வேறு.

என் அபிப்பிராயம், துணிச்சலுக்கு நூறு புள்ளி கொடுக்கலாம், கணக்குக்கு இருபதுதான். மற்றவனும் வருவான் என்று நம்பித் தொடங்குகிற பகிஷ்கரிப்பில், அவன் வராவிட்டால் என்ன செய்வது என்ற பக்கம் காலியாகவே இருந்தது. இன்னொன்று, வாக்குரிமையால் முதல்முதலாகப் பலன் கண்டிருக்கக்கூடியவர்கள் அந்த நிலத்தில் இருந்த பெடியன்களின் தாய் தகப்பன்தான். சம ஆசனம் கேட்டவர்களுக்கே இது தோன்றவில்லையா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. 1926ல் மாணவர் காங்கிரஸின் மேடையில், யாழ்ப்பாணத்தில் வைத்து, இலங்கைக்குச் சமஷ்டிதான், அதாவது கூட்டாட்சிதான், சரி என்று பேசியவர் பின்னாளில் பிரதமரான எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க. அப்போது அதைத் தமிழர் தரப்பில் யாரும் தூக்கிப் பிடிக்கவில்லை. ஹன்டி மாஸ்டரின் ஆட்கள் ஒரே இலங்கை, ஒரே சுயராச்சியம் என்று நம்பியவர்கள். முப்பது வருடம் கழித்து அதே பண்டாரநாயக்க தனிச் சிங்களச் சட்டம் கொண்டுவந்தபோது, ஹன்டி மாஸ்டர் எங்கள் கல்லூரி அதிபர் கதிரையில் இருந்தார்.

அவர் 1977 கடைசியில் காலமானார். அந்த ஆண்டு எங்களுக்குச் சாவு வீட்டு ஆண்டு: பெப்ரவரியில் பொன்னம்பலம், ஏப்ரலில் தந்தை செல்வா, ஆவணியில் கலவரம். செல்வாவின் இறுதி ஊர்வலத்துக்குச் சனம் கடலாய்த் திரண்டது. ஹன்டி மாஸ்டரின் பெயரை அதற்குப் பிறகு எங்கள் வயதுப் பெடியன்கள் அதிகம் சொல்லவில்லை. அகிம்சை என்றாலே சிரிக்கத் தொடங்கியிருந்த காலம்.

போன ஒன்றுகூடலில், கொத்துரொட்டிக்கு வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் நின்ற இரண்டு அண்ணைமார் ஒரு கலியாணப் பேச்சு கதைத்துக்கொண்டிருந்தார்கள். பெடியன் டொக்டர், பெண்ணும் நல்ல வேலை, சாதகமும் பொருந்தியிருக்கு. "எல்லாம் சரி, அவை எந்தப் பக்கம்?" என்று ஒருவர் கேட்டார். "கொக்குவில்தான் அண்ணை" என்றார் மற்றவர். "அது தெரியும், கொக்குவில்ல எந்தப் பக்கம்?" வரிசை நகர்ந்தது, மூன்று பேரும் ஒரே மேசையில் இருந்துதான் சாப்பிட்டோம்.