மாமாவின் மோரிஸ் மைனர்: மூன்றாவது சிலிண்டர் வழிக்கு வந்தது

மொரீஷியஸின் கியூர்பீப்பில் மாமா வீட்டுக் கொட்டகையில் 11 ஆண்டுகளாக நின்றிருந்த 1965ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் காரின் எஞ்சினில் இப்போது நான்கு சிலிண்டர்களும் காற்றை அழுத்துகின்றன. ஸ்பார்க் பிளக் துளைகளில் எண்ணெய் விட்டு ஐந்து நாள் ஊறவைத்தபின், கைப்பிடியால் சுற்றியதும் எஞ்சின் முனகிக்கொண்டே இளகியது. அதில் சொல்ல அதிகமில்லை.

என்னை அலைக்கழித்தது, ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனைதான். கடையொன்றில் வாங்கிய, ரப்பர் முனையை அழுத்திப் பிடிக்கும் மானி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கணக்குச் சொல்லி அரை நாளை வீணாக்கியது. திருகிப் பொருத்தும் மானியை இரவல் வாங்கி, பிளக்குகள் நான்கையும் கழற்றி, திராட்டிலை முழுவதும் திறந்துவைத்து ஸ்டார்ட்டரால் சுற்றியபோது கிடைத்த அழுத்தம் சிலிண்டர் வரிசைப்படி 120, 115, 10, 120 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). கியூர்பீப் சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருப்பதால் முள் சற்றுக் குறைத்தே காட்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மற்ற மூன்றும் இந்த வயதுக்கு நல்ல ஆரோக்கியம். மூன்றாவதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டும் முள் ஏறவில்லை; பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் எண்ணெய் அந்த இடுக்கை அடைத்து முள்ளை ஏற்றியிருக்கும் என்பதால், அவற்றின்மீது பழிபோட முடியவில்லை. இரண்டாவது நன்றாக இருந்ததால், இந்த எஞ்சினில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் தகடு) பழுதாகும் பழைய வியாதியும் இல்லை.

வால்வுகளுக்கு மேலுள்ள ராக்கர் மூடியைக் கழற்றினேன். நான்காவது வால்வு முழுவதும் இறங்கி நிற்கையில் ஐந்தாவதற்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் உள்ள இடைவெளி 0.012 அங்குலம் இருக்க வேண்டும்; அங்கே என் சுண்டுவிரல் நகம் தாராளமாக நுழைந்தது. அந்த ஐந்தாவதுதான் மூன்றாவது சிலிண்டரின் எக்சாஸ்ட் (புகை வெளியேற்றும்) வால்வு; அது இந்த ஊர் ஈரத்தில் தண்டு துருவேறி, திறந்தபடியே இறுகியிருந்தது. பிஸ்டனைக் கீழே இறக்கிவைத்து, துரு இளக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மரச் சுத்தியலால் மெல்லத் தட்டுவதும் காத்திருப்பதுமாக இரண்டு மாலைகள் போயின. மூன்றாம் மாலை, ஒரு தட்டுக்கு வால்வு சற்றே இறங்க, ஸ்பிரிங் அதை 'டக்' என்று மேலே இழுத்துக்கொண்டது. ராக்கரைத் தள்ளும் தள்ளுதண்டைக் கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்தேன்; வளையவில்லை. இப்போது மூன்றாவதும் 95 காட்டுகிறது. எஞ்சின் ஓடி, வால்வு தன் இருக்கையில் படிந்தால் இன்னும் ஏறும் என்று நினைக்கிறேன்.

கேஸ்கெட் தொகுப்புக்கு இங்கிலாந்துக்கு எழுதியிருக்கிறேன். அது வருவதற்குள் பிரேக்குகளுக்கு அழுத்தம் அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்ற வேண்டும். அதை ஓட்டுநர் காலடியில் தரைக்குக் கீழே ஒளித்துவைத்த புண்ணியவான் ஒருநாளும் அதைத் தானே கழற்றியிருக்க மாட்டார். "ஓடட்டும், மருமகனே, பிறகு பார்ப்போம்" என்கிறார் மாமா. டாங்க்கில் கிடந்த பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிப்பதால், நான் இன்னும் எஞ்சினை ஓடவிடவில்லை.