பேர்லின் படங்களில் எங்கட சனம் எங்கே?

‘குட் பை, லெனின்!’ படத்தில் ஒரு பொய்ச் செய்தி வரும். மேற்கு ஜேர்மன்காரர் தங்கள் நாட்டு வாழ்க்கை வெறுத்துப்போய்க் கூட்டம் கூட்டமாகக் கிழக்குக்கு வருகிறார்கள், கிழக்கு ஜேர்மன் அரசு அவர்களைப் பெரிய மனதோடு ஏற்றுக்கொள்கிறது என்று தொலைக்காட்சி சொல்லும். பேர்லின் தியேட்டரில் அந்த இடத்தில் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். நடுவில் இருக்கிற தமிழருக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். கிழக்குப் பேர்லினுக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து மேற்குக்குள் அகதியாக நுழைந்த சனம் உண்மையிலேயே இருந்தது. அது நாங்கள், இலங்கைத் தமிழர்.

அப்படியிருந்தும் இந்த நகரத்தைப் பற்றிய படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வொல்ஃப்காங் பெக்கர் இயக்கி 2003இல் வந்தது. 1989 ஒக்டோபரில், சுவர் விழுவதற்குச் சில வாரங்கள் முன்பு, ஒரு தாய் மயங்கி விழுகிறாள். எட்டு மாதம் கழித்துக் கண் திறக்கும்போது அவளுடைய நாடு முடிகிற தறுவாயில் இருக்கிறது. அதிர்ச்சி தாங்கமாட்டாள் என்று டொக்டர் சொல்ல, மகன் ஒரு படுக்கையறைக்குள் பழைய நாட்டைக் காப்பாற்றி வைக்கிறான். அவள் கேட்கிற ஸ்ப்ரேவால்ட் வெள்ளரிக்காய் ஊறுகாய் இப்போது கடையில் இல்லை. குப்பைக்குள் தேடிப் பழைய போத்தலை எடுத்து, அவித்துக் கழுவி, ஒல்லாந்து வெள்ளரிக்காயை அதற்குள் மாற்றுகிறான். ஊரில் இருந்து வந்த மிளகாய்த்தூளை ஜாம் போத்தலில் அடைத்து வைத்திருக்கிற எங்கள் குசினிகளில் இந்தக் காட்சிக்கு விளக்கம் தேவையில்லை.

படத்துக்குள் வராத கதைக்கு வருகிறேன். இலங்கையில் 1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு ஊரை விட்டு ஓடியவர்களில் பலருக்கு மேற்கு ஐரோப்பிய விசா எடுக்க வழி இருக்கவில்லை. கிழக்கு ஜேர்மனியோ தன் நாட்டைக் கடந்துபோக ட்ரான்சிட் விசா கொடுத்தது. கொழும்பில் சோவியத் விமானமான ஏரோஃப்ளொட் ஏறி, மொஸ்கோவில் மாறி, கிழக்குப் பேர்லினின் விமான நிலையமான ஷோனஃபெல்டில் இறங்கி, அங்கிருந்து பிரீட்ரிக்ஸ்ட்ராசே ஸ்டேசனுக்கு வருவது வழி.

அந்த ஸ்டேசன் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் மிச்சம் விளங்கும். கட்டடம் முழுவதும் கிழக்குக்குள். ஆனால் மேற்கின் ரயில்களும் அதற்குள் வந்துபோயின. நிலத்துக்குக் கீழே யூ6 சுரங்க ரயிலும் வடக்கு-தெற்கு எஸ்-பான் என்ற நகர ரயிலும் ஓடின. மேலே பி மேடையில் இருந்து மேற்குப் பக்க எஸ்-பான் புறப்பட்டது, சி மேடை கிழக்குக்காரருக்கு. இரண்டு மேடைகளுக்கும் நடுவே இரும்புத் தகட்டுச் சுவர். கிழக்கு அதிகாரி கடவுச்சீட்டைப் பார்த்து விட்டுவிட்டால் பிறகு யாருமே மறிக்கமாட்டார்கள். அடுத்த நிறுத்தம் லேர்ட்டர் ஸ்டட்பான்ஹோஃப், மேற்குப் பேர்லின். இறங்கி அசூல் அடிக்கலாம், அதாவது அகதித் தஞ்சம் கேட்கலாம். அங்கே தங்காமல் பிரான்சுக்கும் சுவிசுக்கும் டென்மார்க்குக்கும் போனவர்களும் பலர்.

மேற்கில் ஏன் சோதனை இல்லை? அமெரிக்காவும் பிரித்தானியாவும் பிரான்சும் பேர்லினை ஒரே நகரமாகத்தான் சட்டப்படி கணக்கெடுத்தன. நகரத்தின் குறுக்கே போகிற கோட்டில் கடவுச்சீட்டுக் கேட்டால், அது நாடுகளுக்கு இடையிலான எல்லை என்ற கிழக்கின் வாதத்தை ஒத்துக்கொண்டதாகிவிடும். வல்லரசுகளின் அந்த வீம்புதான் எங்கட பெடியளுக்கு வாசலாகத் திறந்தது. அந்த வாசலைப் பூட்டியது இரண்டு ஜேர்மனிகளின் பேரம். 1985இல், மேற்கு விசா இல்லாத தமிழரை இனி இந்த வழியால் விடுவதில்லை என்று கிழக்கு ஜேர்மனி உடன்பட்டது. அதே ஆண்டில்தான் இரண்டு ஜேர்மனிகளுக்கும் இடையிலான வணிகத்தில் கிழக்குக்குக் கிடைத்த வட்டியில்லாக் கடனின் உச்சவரம்பை 850 மில்லியன் மார்க்குக்கு உயர்த்த ஒத்துக்கொண்டார்கள். 1986 ஒக்டோபர் 1 முதல் மேற்கு விசா இல்லாத எல்லா நாட்டவருக்கும் வழி அடைபட்டது.

லேர்ட்டர் ஸ்டட்பான்ஹோஃப் இருந்த இடத்தில்தான் 2006 முதல் பேர்லின் மத்திய ஸ்டேசன் நிற்கிறது. 2022 மார்ச்சில் உக்ரேனிய சனம் வந்திறங்கியதும் அங்கேதான். ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் எழுதி வைத்த தற்காலிகப் பாதுகாப்பு விதியை முதல்முறையாக எடுத்துப் பாவித்து, அசூல் விசாரணை இல்லாமலே அவர்களுக்கு வதிவிடமும் வேலை செய்யும் உரிமையும் கொடுத்தது. கொடுத்தது சரி. அந்தத் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் அது கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் மேற்கு ஜேர்மனியில் 1987இல் வந்த சட்டம் அசூல் கேட்டவர்களை ஐந்து ஆண்டு வேலை செய்யக் கூடாது என்று வைத்திருந்ததை நினைக்கும்போது நெஞ்சு எரிகிறது. இருபது வயதுப் பெடியனுக்கு ஐந்து ஆண்டு என்றால் என்ன என்பது, ஊரில் அவனுக்காகக் காணியை ஈடு வைத்த வீட்டுக்குத் தெரியும்.

அதனால்தான் விம் வெண்டர்ஸின் ‘விங்ஸ் ஒஃப் டிசயர்’ மீது எனக்கு அன்பும் மனத்தாங்கலும் சேர்ந்தே இருக்கின்றன. 1987இல் வெளிவந்தது, அதே காலத்து மேற்குப் பேர்லின். இரண்டு தேவதூதர்கள் மனிதரின் மனதுக்குள் ஓடுவதைக் கேட்டபடி நகரமெங்கும் திரிகிறார்கள். ரயிலில் கேட்கிறார்கள், பொட்ஸ்டாமர் ஸ்ட்ராசே நூலகத்தில் கேட்கிறார்கள். சலவைக் கடையில் ஒரு துருக்கிப் பெண்ணின் நினைப்பு துருக்கி மொழியிலேயே கேட்கிறது. தூதர் பார்ப்பது கறுப்பு வெள்ளை, மனிதர் பார்ப்பது வர்ணம். கிழக்கில் படமெடுக்க அனுமதி இல்லாததால் சுவருக்கே செட் போட்டார்கள். ஒப்பந்தக்காரர் மரத்தால் செய்து ஏமாற்றியதில் அது மழையில் வளைந்துபோய், இரண்டாம் முறை கட்டவேண்டி வந்தது. இவ்வளவு பாடுபட்டு, இவ்வளவு காது கொடுத்து எடுத்த படத்தில் ஒரு தமிழ்க் குரல் என் காதில் விழவில்லை. அந்தச் சலவைக் கடையின் அடுத்த வாங்கில் ஒரு பெடியனை இருத்தியிருந்தால் போதும். தூதர் கிட்டப் போனால் கேட்டிருக்கும்: போட்ட கடிதம் போய்ச் சேர்ந்திருக்குமோ, சுற்றிவளைப்பில் தம்பியைப் பிடித்தார்களோ, ஆளனுப்பிய ஏஜென்சிக்காரனுக்கு மிச்சக் காசு எப்படிக் கொடுப்பது, அக்காவுக்குப் பேசின சம்பந்தம் என்ன ஆச்சு.

புதிதாக வருகிறவர்கள் இங்கே படம் பார்க்கப் போகும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். வெளிநாட்டுப் படங்களை ஜேர்மன் குரல் கொடுத்துத்தான் பெரும்பாலும் ஓட்டுவார்கள். அட்டவணையில் ஓ.வி. என்று இருந்தால் மூல மொழி மட்டும், ஓ.எம்.யூ. என்றால் மூல மொழியோடு ஜேர்மன் எழுத்து. ஜேர்மன் படத்தை விளங்கிப் பார்க்க ஓ.எம்.ஈ.யூ. தேடவேண்டும், அதில் ஆங்கில எழுத்து ஓடும். மொழி படிக்கிறவர்கள் வீட்டில், காது கேளாதவர்களுக்கான ஜேர்மன் எழுத்தைப் போட்டுப் பார்ப்பது நல்ல பலன் தரும், பேசுவதும் எழுதுவதும் ஒரே மொழியில் ஓடும். பொப்கோர்ன் கேட்டால் இனிப்பைத்தான் தருவார்கள், உப்புப் போட்டது வேண்டுமென்றால் சொல்லிக் கேளுங்கள். இடைவேளை கிடையாது. கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை சிலர் இருட்டில் அசையாமல் இருப்பார்கள். எல்லாம் பழகிவிடும். பழகிவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் யாழ்ப்பாணத்துத் தியேட்டர்களான வின்சரும் மனோகராவும் லிடோவும் வந்து நிற்கும். கலரியின் விசிலும், இடைவேளைக் கச்சான் சுருளும், முதல் காட்சி முடிந்து வருகிறவர்களிடம் கதையைக் கேட்டுவிடாமல் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போவதும். எந்த ஓ.எம்.யூ. தியேட்டரும் அதற்கு ஈடாகாது.

அந்த அகதிப் பாதையைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இன்றும் விமான நிலையத்தில் இருந்து எஸ்9 ரயில் ஓடுகிறது. விமான நிலையம் கட்டணத்தின் சி வலயத்தில் இருப்பதால் ஏபிசி டிக்கெட் எடுக்கவேண்டும். ஏபி டிக்கெட்டோடு ஏறினால் தண்டம். ரயில் பழைய ஷோனஃபெல்ட் ஸ்டேசனைத் தாண்டி பிரீட்ரிக்ஸ்ட்ராசேக்கு வரும். பக்கத்தில் ட்ரேனன்பலாஸ்ட், கிழக்கில் இருந்து வெளியேறுகிறவர்களைச் சோதிக்க 1962இல் கட்டிய கூடம். 2011 முதல் அருங்காட்சியகம், நுழைவு இலவசம், திங்கட்கிழமை பூட்டு. ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய ஒடுங்கிய சோதனைக் கூண்டு உள்ளே இருக்கிறது. அதற்குள் நின்று பாருங்கள்.

கிழக்கு ஜேர்மன் இரகசியப் பொலிசான ஸ்டாசி ஓர் எழுத்தாளரை வேவு பார்க்கிற ‘த லைவ்ஸ் ஒஃப் அதர்ஸ்’ பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2007இல் ஒஸ்கார் வாங்கியது. விசாரணைக்கு இருத்தியவனின் கதிரைத் துணியை, நாய்க்கு மோப்பம் காட்டவென்று போத்தலில் அடைத்து வைக்கிற காட்சி அதில் வரும். கொழும்புப் பொலிசின் நாலாம் மாடி விசாரணையைக் கேள்விப்பட்டு வளர்ந்த எவரும் அதைச் சும்மா பார்த்துவிட்டுப் போகமுடியாது. கடைசியில் எழுத்தாளர் தன்னைப் பற்றிய கோப்பைத் தானே எடுத்து வாசிக்கிறார்.

அந்த உரிமை எங்களுக்கும் உண்டு. ஸ்டாசி கோப்புகள் இப்போது கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஜேர்மன் குடியுரிமை இல்லாதவரும் தன் பெயரில் ஏதும் இருக்கிறதா என்று விண்ணப்பித்துக் கேட்கலாம். ஷோனஃபெல்டால் வந்த எல்லாருக்கும் கோப்பு இருக்கும் என்று இல்லை, பதில் வர ஒரு ஆண்டுக்கு மேலும் ஆகலாம். அன்று இருபது வயதில் வந்தவர்களுக்கு இன்று அறுபது தாண்டிவிட்டதால் தள்ளிப்போடாதீர்கள். அடையாளத்தை உறுதிப்படுத்திய சான்றை இணைக்கவேண்டும். எங்கள் ஆட்களுக்குப் பிழைக்கிற இடம் பெயர்தான். ஊர்க் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால் இருந்திருக்கும், ஜேர்மன் ஆவணத்தில் அது குடும்பப் பெயராகப் பின்னால் போயிருக்கும், எழுத்துக்கூட்டலும் மாறியிருக்கும். ஆகவே முன்னைய பெயர் கேட்கிற இடத்தில் இரண்டு வரிசையையும் எல்லா எழுத்துக்கூட்டலையும் எழுதுங்கள், வேறு பெயரில் வந்திருந்தால் அதையும் சேர்த்து.