உருளைக்கிழங்கு வயலில் 17,447 வீடுகள்

லெவிட்டவுன் போகணும் என்றதும் சித்தி மகன் சிரித்துவிட்டான். "அண்ணா, அங்க வெறும் வீடுதானே இருக்கு?" அவன் இருப்பது நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில், ஹிக்ஸ்வில்லில். இட்லி மாவு முதல் புடவை வரை கிடைக்கிற ஊர். அங்கிருந்து லெவிட்டவுன் காரில் பத்து நிமிஷம்.

வீடு பார்க்கத்தான் போனேன். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்கள் குடியிருக்க இடமில்லாமல், மனைவி மக்களோடு பெற்றோர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். இங்கே உருளைக்கிழங்கு வயல்களில் வேரைத் தாக்கும் நூற்புழு விழுந்திருந்தது. வீடு கட்டி விற்கும் லெவிட் குடும்பம் அந்த நிலத்தை வாங்கி 1947 முதல் 1951 வரை 17,447 வீடுகளைக் கட்டியது. கார் தொழிற்சாலையில் கார் நகரும், ஆள் நிற்பான்; இங்கே வீடு நின்றது, ஆட்கள் நகர்ந்தார்கள். ஒரு கோஷ்டி கான்கிரீட் தளம் போட்டுவிட்டு அடுத்த மனைக்குப் போகும், பின்னாலேயே மரச்சட்டம் நிறுத்தும் கோஷ்டி வரும். பெயிண்ட் அடிப்பதில்கூட நிறத்துக்கு ஒரு ஆள். அடித்தளத்து அறையெல்லாம் கிடையாது. தளத்துக்குள் பதித்த குழாயில் வெந்நீர் ஓடி வீட்டைச் சூடாக்கும்.

முதலில் வாடகைக்குத்தான் விட்டார்கள், மாதம் 60 டாலர். 1949-இல் 7,990 டாலருக்கு விற்பனை. முன்னாள் வீரர்களின் கடனுக்கு அரசாங்கமே உத்தரவாதம் என்பதால் மாதத் தவணை வாடகையைவிடக் குறைவு! யார்தான் விடுவார்கள்? 1950 மாடலில் மாடிப்படிக்குக் கீழே டிவியும் பதித்துக் கொடுத்தார்கள். ஆனால் வேலி போடக்கூடாது, சனி ஞாயிறு வெளியே துணி காயப்போடக்கூடாது. நம் மாமிகள் ஒரு வாரம் தாங்கமாட்டார்கள்.

அச்சில் வார்த்த மாதிரி வரிசையாக நிற்கும் என்று நினைத்துப் போனேன். ஒரு மணி நேரம் நடந்தும், பழையபடி இருக்கிறது என்று சொல்ல ஒரு வீடுகூடக் கண்ணில் படவில்லை. ஒருவர் மாடி எடுத்திருக்கிறார், இன்னொருவர் திண்ணை மாதிரி முன்பக்கம் இழுத்திருக்கிறார். வேலியும் வந்துவிட்டது. தெருக்கள் மட்டும் அப்போது போட்ட வளைவு மாறாமல் கிடக்கின்றன. இரண்டு தரம் வழி தவறினேன்.

திரும்பும்போது சித்தி மகனிடம் பழைய குத்தகைப் பத்திரத்தைப் பற்றிச் சொன்னேன். வெள்ளை இனத்தவர் தவிர வேறு யாரும் இந்த வீட்டில் குடியிருக்கக்கூடாது என்று அதில் ஒரு நிபந்தனை. வீட்டு வேலைக்காரருக்கு மட்டும் விலக்கு. அதே போரில் சண்டை போட்ட கறுப்பின வீரர்களுக்கும் இடமில்லை. இப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று 1948-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பத்திரத்திலிருந்து அந்த நிபந்தனை போனது. அப்புறமும் கறுப்பினத்தவருக்கு வீடு தரவில்லை. "அப்ப நீ வந்திருந்தா சமையக்காரனாத்தான் உள்ள விட்டிருப்பான்டா" என்றேன்.

அவன் போனில் விலை பார்த்துக்கொண்டிருந்தான். "இப்ப ஆறேழு லட்சம் டாலர் சொல்றான்ணா. அதுவும் அந்தக் குட்டி வீட்டுக்கு."