கிரைண்டர் ஓடுகிற நேரம்

எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் இரண்டு சனிக்கிழமைகளைச் சுற்றி வட்டம் போட்டிருக்கும். இரண்டாவது, நாலாவது. வட்டம் போடுவது பெரியவள், ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மாதம் பிறந்ததும் சிவப்பு ஸ்கெட்ச் எடுத்து 'அம்மா லீவு' என்று எழுதிவிடுவாள். அப்புறம் அந்தக் கட்டத்துக்குள் ஒவ்வொன்றாக வந்து சேரும். பாட்டிக்கு ரத்தப் பரிசோதனை என்று ஒரு வரி, தம்பிக்கு ஷூ என்று ஒரு வரி, அடுப்பு சர்வீஸ் என்று வீட்டுக்காரர் கையெழுத்தில் ஒன்று. மாதம் பாதி போவதற்குள் கட்டம் நிரம்பி, எழுத்து ஓரம் தாண்டிப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏறியிருக்கும்.

வங்கி வேலை என்றதும் "உங்களுக்கென்ன, சனி ஞாயிறு லீவு" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2010-இல் நான் கிளார்க்காகச் சேர்ந்தபோது எல்லாச் சனிக்கிழமையும் அரைநாள். மதியத்தோடு கவுன்ட்டரை மூடி, கேஷ் டேலி பண்ணி, மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடலாம். 2015 செப்டம்பர் 1 முதல்தான் இரண்டாவது, நாலாவது சனி முழு விடுமுறை ஆனது, மற்ற சனிக்கிழமைகள் முழு வேலைநாள் ஆனது. ஐந்து சனி வருகிற மாதத்தில் மூன்று சனி ஆபீஸ்தான். எல்லாச் சனியும் விடுமுறை வேண்டும் என்பது சங்கங்களின் பல வருடக் கோரிக்கை. 2024 மார்ச்சில் வங்கி நிர்வாகங்கள் தரப்பும் ஒத்துக்கொண்டு கையெழுத்தாகி, அரசின் ஒப்புதலுக்குப் போனது. அன்று ராத்திரி பெரியவளிடம் சொன்னேன். "அப்போ நாலு வட்டம் போடலாமாம்மா?" என்று துள்ளினாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் படுத்த பிறகு யோசித்தேன், அந்த இன்னும் இரண்டு கட்டமும் இதே மாதிரி நிரம்பினால்?

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமையைச் சொல்கிறேன். அத்தைக்குச் சர்க்கரை. வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் கொடுக்க வேண்டும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். எங்கள் வீடு உறையூரில், லேப் பக்கத்துத் தெருவில். ஆறரைக்கே கூட்டிக்கொண்டு போனால் எங்களுக்கு முன்னால் பதினோரு பேர். அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், காபி குடிக்காததால் முகம் வாடிப் போயிருக்கிறது. ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து இட்லி வைத்துக் கொடுத்தபோது மணி எட்டேகால். பத்தேகாலுக்கு மறுபடி லேபில் நிற்க வேண்டும். அந்த இடைவெளியில் காந்தி மார்க்கெட் போய்வந்துவிடலாம் என்று வண்டியை எடுத்தேன். சின்ன வெங்காயம் இரண்டு கிலோ, தக்காளி, முருங்கைக்காய், பூவன் ஒரு சீப்பு. வண்டியின் முன்னால் ஒரு பை, ஹேண்டிலில் ஒரு பை. சிக்னலில் நிற்கும்போது போன் அடிக்கிறது, சின்னவன். "அம்மா, என் ஸ்கேல் எங்க?" அவன் அப்பா அவனிடமிருந்து பத்தடியில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஸ்கேல் இருக்கிற இடம் எனக்குத்தான் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பத்தேகாலுக்கு லேப், பதினோரு மணிக்கு அடுப்புக்காரர், அவர் கிளம்பியதும் சமையல், மதியம் ஷூ வாங்கச் சின்னவனோடு, வரும் வழியிலேயே முடிவெட்டு, சாயங்காலம் பெரியவளின் சார்ட். ராத்திரி ஒன்பதரைக்குத் துணி மடித்தேன். அன்று நான் உட்கார்ந்தது லேப் பெஞ்சிலும் வண்டி சீட்டிலும்தான்.

வீட்டுக்காரரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் தனியார் கம்பெனியில் ஆறு நாள் வேலை பார்க்கிறவர். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, இஸ்திரி, ராத்திரிப் பாத்திரம் மூன்றும் அவருடையது, ஒருநாள் தவறமாட்டார். ஞாபகம் வைத்துக்கொள்வதுதான் முழுக்க என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் ஹாலில் பாயைப் போட்டுப் படுப்பார். "அப்பா தூங்குறாங்க, சத்தம் போடாத" என்று சின்னவனைப் பெரியவள் அதட்டுவாள். அவர் தூங்கட்டும், ஆறு நாள் உழைக்கிற உடம்பு. ஆனால் நான் அதே பாயில் படுத்தால் ஐந்தாவது நிமிடம் யாராவது வந்து நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறார்கள். "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" அன்பில்தான் கேட்கிறார்கள். அந்த அன்பிலேயே எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது.

எனக்கு ஓய்வு கிடைக்கிற இடம் ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்ததே கரண்ட் போனதால்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மாவு அரைப்பேன். நாலு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து, கொஞ்சம் வெந்தயம், காலையிலேயே ஊறப்போட்டது. சமையல்கட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற சின்ன இடத்தில் கிரைண்டர் நிற்கிறது, கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்தது, கோயம்புத்தூர்க் கல். முதலில் உளுந்து. அரைமணி நேரம் ஓட வேண்டும். பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்து, நாலைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கை நனைத்து ஓரத்தில் ஒட்டுவதை வழித்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. சில வருடம் முன்னால் ஒரு ஞாயிறு அப்படி ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. கல் நின்றது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, "அம்மா" என்று பெரியவள், "அம்மா, இங்க பாரு" என்று சின்னவன், "ஏம்மா, இன்வெர்ட்டர் சுவிட்ச் எங்க இருக்கு?" என்று அவர். மூன்று குரலும் ஒன்றன் மேல் ஒன்று. நான் கையில் மாவோடு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உறைத்தது, அதுவரை இருபது நிமிடமாக யாருமே என்னைக் கூப்பிடவில்லை. கிரைண்டர் சத்தம் கேட்கிற வரைக்கும் இந்த வீட்டில் அம்மா வேலையாக இருக்கிறாள் என்று அர்த்தம். கூப்பிடக் கூடாது என்று யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை, அதுவாகவே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

அதிலிருந்து அந்த ஒரு மணி நேரத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டேன். போனை உள்ளேயே வைத்துவிட்டுப் போவேன். உளுந்து முதலில் கல்லில் பட்டுக் கரகரவென்று சத்தம் போடும். பத்து நிமிடத்தில் அந்தக் கரகரப்பு அடங்கும். இருபது நிமிடத்தில் மாவு பொங்கிக் கல்லை மூடிக்கொண்டு, புசுபுசுவென்று ஒரு மெல்லிய சத்தம் மட்டும் வரும். அந்தச் சத்தம் வந்ததும் என் தோள் இறங்குவது எனக்கே தெரியும். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு முருங்கை மரம், அதில் அணில். எதையும் யோசிக்கமாட்டேன். திங்கட்கிழமை டார்கெட் என்ன, மேனேஜர் குரூப்பில் என்ன போட்டிருப்பார், ஒன்றும் கிடையாது. ஒரு சொட்டு மாவைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பேன். மிதந்தால் பதம். அதை வழித்துவிட்டு அரிசியைப் போட்டால் இன்னொரு அரைமணி.

2024-க்கான நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பேப்பரில் படித்தபோது இந்த மணைதான் ஞாபகம் வந்தது. இந்தியாவில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்களாம், ஆண்கள் 88 நிமிடம். 2019-இல் அது 299-உம் 97-உம். ஐந்து வருடத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. கணக்கெடுக்க வருகிறவர் என்னிடம் நாலிலிருந்து ஐந்து வரை என்ன செய்தீர்கள் என்று கேட்டால், மாவு அரைத்தேன் என்றுதான் சொல்வேன். அவரும் சமையல் என்று குறித்துக்கொண்டு போவார். வாரத்தில் என்னுடைய ஒரே ஓய்வு அந்த 289-க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஞாயிறு விடுமுறையே நம் நாட்டில் கேட்டு வாங்கியதுதான். பம்பாய் மில் தொழிலாளர்களைத் திரட்டி நாராயண் மேகாஜி லோகண்டே வருடக்கணக்காகப் போராடி, 1890 ஜூன் 10-இல் கிடைத்தது. அதற்கு முன் ஏப்ரலில் பெரிய கூட்டம் நடந்தது, பெண் தொழிலாளிகள் இரண்டு பேரும் அதில் பேசினார்கள். எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒருவர் இதைச் சொன்னதிலிருந்து அந்த இரண்டு பெண்களையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். முதல் ஞாயிறு கையில் கிடைத்த அன்று அவர்கள் என்ன செய்திருப்பார்கள்? வாரத் துணியெல்லாம் துவைத்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நடுவில் இந்த நேரம் கைவிட்டுப் போன கதையும் உண்டு. 2024 மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. நிதியாண்டின் கடைசி நாள் என்பதால் அரசுக் கணக்குகளைக் கையாளும் கிளைகள் அன்றைக்குத் திறந்திருந்தன, எங்கள் கிளையும். முந்தைய நாள் ஐந்தாவது சனி, அதுவும் ஆபீஸ். ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால் டேபிளில் கடை மாவு இரண்டு பாக்கெட். "இனிமே இதையே வாங்கிக்கலாம். நீ எதுக்கு லீவு நாள்லயும் கிரைண்டரோட மல்லுக்கட்டணும்?" என்றார். எனக்காக யோசித்துச் செய்தது. வேண்டாம் என்று எப்படிச் சொல்ல முடியும்? ஏப்ரலில் கடை மாவுதான். கிரைண்டர் மேல் துணி போட்டு மூடியாகிவிட்டது. ஞாயிறு சாயங்காலம் நாலு மணி என்பது மற்ற மணிகளைப் போல ஆனது, அலமாரி ஒழிப்பதும் யூனிபார்மில் பட்டன் தைப்பதுமாக ஓடியது. மூன்றாவது வாரம் சின்னவன் ஷூ லேஸ் கட்டத் தாமதம் பண்ணினான் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டேன். பிள்ளை பேசாமல் நின்றான். கண் நிறைந்து, அது வழியாமல் பிடித்துக்கொண்டு நின்றான். அன்று கேஷ் கேபினில் நோட்டு எண்ணும்போது அந்த முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

ராத்திரி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கரண்ட் போனது, மணை, அந்தச் சத்தம், எல்லாம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "சும்மா உக்காரணும்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். "சொல்லிட்டு உக்காந்தா, எப்ப எழுந்திருப்பேன்னு எல்லாரும் பாத்துக்கிட்டே இருக்கீங்க" என்றேன். என் குரல் உடைந்துவிட்டது, அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு நான் சொல்லாமலேயே காலையில் அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டிருந்தார். உளுந்து கொஞ்சம் கூடுதல், வெந்தயம் மறந்துவிட்டது. நாலு மணிக்குப் பிள்ளைகள் இரண்டு பேரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சைக்கிள் ஓட்டப் பழக்குகிறேன் என்று மைதானத்துக்குக் கிளம்பினார். இப்போது பெரும்பாலான ஞாயிறு அப்படித்தான்.

வீட்டில் நானும் அத்தையும் மட்டும். நாலைந்து வாரம் போயிருக்கும், ஒருநாள் பிளாஸ்டிக் சேரை இழுத்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து கிரைண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். ஏதாவது வேண்டுமா அத்தை என்று எழுந்தேன். "நீ உக்காரு, ஒண்ணும் வேண்டாம்" என்றார். அவர் காலத்தில் ஆட்டுக்கல்தான். அது கை ஓய்ந்துபோகிற வேலை, அதில் ஏது ஓய்வு. "நான் காவேரிக்குத் துணி எடுத்துட்டுப் போவேன்" என்றார் திடீரென்று. "துவைக்கிறது ஒரு மணி நேரம்தான். காயற வரைக்கும் படித்துறையில உக்காந்திருப்பேன். ஈரத்தோட தூக்கிட்டு வந்தா கனம்னு வீட்ல சொல்லி வச்சிருந்தேன்." பதினான்கு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம், இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. எத்தனை நாள், எந்தப் படித்துறை, தனியாகவா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அவர் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன ஞாயிறும் வந்து உட்கார்ந்தார். கரகரப்பு அடங்கி மெல்லிய சத்தம் வந்துவிட்டது. நான் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டேன், மிதந்தது. சுவிட்சை நிறுத்தக் கையைக் கொண்டுபோனேன்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் ஓடட்டும்" என்றார் அத்தை.