முதல் மணி

ஆகஸ்டு 9, சனி
ஆஸ்பத்திரியில் இன்றும் அக்காவைப் பார்க்க விடவில்லை.

ஆகஸ்டு 10, ஞாயிறு
தேவாலயத்தில் முதல் மணி அடிக்க ஆளில்லை. பூட்டும் திறக்கவில்லை, கதவைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் சாவியைத் திருப்ப வேண்டும் என்பது அக்காவுக்கு மட்டுமே தெரிந்திருக்கிறது. சம்பளப் பதிவேட்டில் கோவில்குட்டியார், அதாவது தேவாலயத்தைப் பராமரிக்கும் பணியாள், என்று இருப்பதென்னவோ அத்தான் பெயர்தான். அத்தான் மணிக்கூண்டுப் படி ஏறி நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

ஆகஸ்டு 13
திருவிருந்துத் துணிகளைத் துவைக்க எடுத்து வந்தேன். திராட்சரசக் கறையைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும் என்று அக்கா எத்தனையோ முறை சொல்லியிருந்தும் வெந்நீரில் போட்டுவிட்டேன். பழுப்பாக ஒரு வட்டம் நின்றுவிட்டது. முதல் அலசல் தண்ணீரை மட்டும், அவர் செய்வதுபோலவே, சாக்கடையில் விடாமல் முருங்கை மரத்தடியில் ஊற்றினேன்.

ஆகஸ்டு 16
நம் கோவில் கல்வெட்டுக்குப் பெயர் தொகுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பழைய கணக்கேட்டில் குருவானவர்கள், பொருளாளர்கள், உத்திரம் கொடுத்தவர் என எல்லோருக்கும் பெயர் உண்டு. கூரைச் செலவுக்கான வரவில் மட்டும், ஒவ்வொரு உலைக்கும் ஒரு பிடி எடுத்துவைத்துச் சேர்த்த அத்தனை பேரும் 'பெண்கள் பிடியரிசி' என்ற ஒரே வரியில் அடங்கிவிட்டார்கள். 1778இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற பிராமணப் பெண் கிளாரிந்தா பாளையங்கோட்டையில் எழுப்பிய கோவில் 1785இல் பிரதிஷ்டையானது. அதைப் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றே இன்றும் சொல்கிறார்கள். கட்டியவருக்காவது பெயர் நின்றது. இந்த 240 ஆண்டுகளாக அதைப் பெருக்கிய கைகள் யாருடையவை என்று நினைத்துக்கொண்டே படுத்தேன், உறக்கம் வரவில்லை.

ஆகஸ்டு 17, ஞாயிறு
எழுத மனமில்லை.

ஆகஸ்டு 19
பார்க்க விட்டார்கள். "பூட்டுக்கு எண்ணெய் விட்டியா?" என்பதுதான் அக்காவின் முதல் கேள்வி. துணியின் கதையை நான் சொல்லவில்லை. பிடியரிசி கொடுத்தவர்களைக் கேட்டபோது, கண்ணை மூடிக்கொண்டே தையல்கார அத்தை, கிணற்றடி வீட்டுப் பெரியம்மை, இரட்டைப் பிள்ளைக்காரி என்று பதினொரு பேரைச் சொன்னார். ஒன்றுகூட ஞானஸ்நானப் பெயர் இல்லை.

ஆகஸ்டு 21
கல்தச்சர் எழுத்துக் கணக்கில் கூலி கேட்கிறார். 'தையல்கார அத்தை' என்று கல்லில் பொறிக்கக் கமிட்டியார் சம்மதிப்பார்களா என்று நாளை கேட்க வேண்டும், சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மாலை மணிக்கு நானே ஏறினேன். கயிற்றில் கை பிடிக்கும் இடத்தில், உள்ளங்கை அறுபடாமலிருக்க, அக்காவின் பழைய ஊதாச் சேலைக் கிழிசல் ஒன்று இறுக்கிச் சுற்றப்பட்டிருக்கிறது.