போஸ்ட்கிரஸ் 17: மூலநிரலிலிருந்து நிறுவியதும் புரண்டுபோன அகரவரிசையும்

பவளம், பழம், பள்ளம். இந்த மூன்று சொற்களும் இன்று காலை என் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் இதே வரிசையில் வந்து நின்றபோது எனக்கு அப்படியொரு மகிழ்ச்சி! நேற்று வரை பள்ளம் முதலிலும் பவளம் கடைசியிலும் வந்துகொண்டிருந்தன.

டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் தருவது போஸ்ட்கிரஸ் 15. தொகுப்புகளை நிறுவும் கருவியான ஆப்ட்டுக்கென்று போஸ்ட்கிரஸ் திட்டம் வைத்திருக்கும் களஞ்சியத்தைச் சேர்த்தால் 17-உம் ஆயத்தத் தொகுப்பாகவே கிடைக்கும். நல்ல களஞ்சியம், வேலைக்கான சர்வர்களில் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் வீட்டுக் கணினியில் அசர்ட் சோதனைகளோடு (ஓடும்போதே நிரல் தன்னைத்தானே சரிபார்ப்பவை) ஓட்டிப் பார்க்கும் ஆசை. அதற்கு மூலநிரலிலிருந்து நாமேதான் கம்பைல் செய்ய வேண்டும்.

தேவையானவை எல்லாம் உள்ளனவா என்று முதலில் பார்க்கும் கன்ஃபிகர் கட்டத்திலேயே, மொழிவாரி வரிசைப்படுத்தலைத் தரும் ஐசியு நூலகம் இல்லை என்று நின்றுவிட்டது. 16-ஆம் பதிப்பிலிருந்து ஐசியு இயல்பாகவே சேர்க்கப்படுகிறது. வேண்டாமென்றால் நாம்தான் சொல்ல வேண்டும். அவசரத்தில் வேண்டாமென்று சொன்னேன். தவறு அங்கேதான். என் கணினியின் லோக்கேல் (மொழி அமைப்பு) சி.யூடிஎஃப்-8. அதில் வரிசை என்பது யூனிகோட் எண் வரிசை மட்டுமே. யூனிகோடில் ள, ழ, வ என்று இருக்கிறது. நம் நெடுங்கணக்கிலோ வ, ழ, ள. புள்ளிக்கும் எழுத்துகள், உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பிந்தைய எண் என்பதால் அகம் முந்திக்கொண்டு அக்கா பின்னால் போனது. சொற்பட்டியல் வைத்திருப்பவனுக்கு இதைவிட எரிச்சல் வேறில்லை.

கம்பைலுக்குத் தேவையான ஐசியுவின் டெவ் தொகுப்பை நிறுவி, பழையதைத் துடைத்து, மறுபடி கம்பைல் செய்தேன். அப்போதும் தமிழ் கொலேஷன் (வரிசைவிதி) இல்லை என்றே பதில் வந்தது! இதில்தான் ஒரு மாலை முழுவதும் போனது. கொலேஷன் பட்டியல், தரவுத்தளத்தை முதன்முறை உருவாக்கும் இனிட்டிபி ஓடும்போதே நிரப்பப்படுகிறது. கம்பைல் செய்து கிடைத்த பைனரியை மட்டும் மாற்றினால் அது தானாக வளராது. பிஜி_இம்போர்ட்_சிஸ்டம்_கொலேஷன்ஸ் என்ற சார்பை ஒருமுறை அழைத்ததும் தமிழ் வந்து சேர்ந்தது.

மூலநிரலுக்குப் போகிறவர்கள், தொகுப்பாக வந்த பதிப்பின் பிஜி_கன்ஃபிக் கட்டளையிடம் கன்ஃபிகர் விருப்பங்களை முதலில் கேளுங்கள். தொகுப்பாளர்கள் சேர்த்தவை அத்தனையும் ஒரே வரியில் வரும். அதை நகலெடுத்து, நம் தேவையை அதன்மேல் சேர்ப்பதே சரி.

அடுத்து டிரைகிராம் தேடல் (சொற்களை மூன்று மூன்று எழுத்தாக உடைத்துத் தேடுவது). அது கூடுதல் நீட்சிகளுக்கான கான்ட்ரிப் அடைவில் இருக்கிறது. வெறும் மேக் கட்டளை அதைத் தொடாது. அந்த அடைவுக்குள் போய்த் தனியாக ஓட்ட வேண்டும். இன்றிரவு.